வாசகர் கேள்வி பதில்: அம்மம்மாவின் வொயில் சேலை

கேள்வி: அன்புள்ள ரீச்சர், நான் சித்திரமும் வடிவமைப்பும் இறுதி ஆண்டு படிக்கிறேன். என் செயற்திட்டத்துக்குத் துணியை எடுத்திருக்கிறேன். 1995இல் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துச் சனம் ஒரேயடியாக வெளியேறிய இடப்பெயர்வில் அம்மம்மா கோண்டாவிலில் இருந்து கொடிகாமத்துக்குக் கொண்டுபோன இரண்டு சேலைகள் இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கின்றன. 'இடப்பெயர்வும் நினைவும்' என்று தலைப்பு வைத்து, சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடக்கிற படத்தைச் சேலையில் அச்சடித்து, மேலே வரையலாம் என்று நினைத்தேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "இது துணியில் ஒட்டின ஓவியம். துணி வேலை எங்கே?" என்று கேட்டார். வகுப்பில் வேறு மூன்று பேரும் இதே தலைப்பு. எனக்கு வரைய வரும், தைக்க வராது. ஆறு மாதம் இருக்கிறது, கொப்பி வெறுமையாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?
- இறுதி ஆண்டு மாணவி, கோண்டாவில்

பதில்: பிள்ளை, உங்கள் மேற்பார்வையாளர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குக் கோபிக்க வேண்டாம். நாலு பேருக்கு ஒரே தலைப்பு என்பதும் பிரச்சினை இல்லை. அன்று அந்தப் பாலத்தால் போன ஒவ்வொரு குடும்பமும் வேறு வேறு பொருளைத்தான் தூக்கிக்கொண்டு போனது. தலைப்பைக் கொஞ்ச நாள் ஒரு பக்கம் வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த வரி, 'அம்மம்மா கொண்டுபோன இரண்டு சேலைகள்' என்பது. கொண்டுபோன பிறகு அந்தச் சேலைகளுக்கு என்ன நடந்தது? அதைத்தான் அவரிடம் கேட்க வேண்டும். "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது அம்மம்மா?" என்று தொடங்கினால் அவர் அழுவார், அல்லது "அதை விடு பிள்ளை" என்பார். சேலையை மடியில் வைத்துக்கொண்டு சேலையைப் பற்றியே கேளுங்கள். இதில் ஏணை கட்டினீர்களா? குளிக்கிற இடத்துக்கு மறைப்பாகக் கட்டினீர்களா? சாமான் முடிந்து கொண்டுபோனீர்களா? இந்த மூலை ஏன் கிழிந்திருக்கிறது, ஒட்டுப் போட்டது யார்? என்னத்தில் தோய்த்தீர்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள். யுத்தகாலப் பொருளாதாரத் தடை இருந்தபோது சவர்க்காரம் யானை விலை. பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தோம். அதில் நுரை வரும். நுரைக்கும் தன்மையுள்ள சப்போனின் பனங்களியில் இருக்கிறது, பழத்தின் கைப்பும் அதால் வருவதுதான். தோய்த்த வெள்ளைத் துணியில் மெல்லிய மஞ்சள் நிற்கும், வாசமும் போகாது. கொடியில் காயப்போட்டால் மாடு வந்து சப்பும், யாராவது காவல் இருக்க வேண்டும். என் வயதுக்காரர் எவரைக் கேட்டாலும் அந்த வாசத்தைச் சொல்வார்கள். நீங்கள் அச்சடிக்க நினைத்த படத்தில் இது இல்லை. அம்மம்மாவின் சேலையில் இருக்கலாம்.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். அந்தத் துணிக்கு என்னென்ன நடந்ததோ, அதை வேறு துணியில் நீங்களே செய்து பாருங்கள். தோய்ப்பது, முடிவது, கிழிவது, ஒட்டுப் போடுவது, கறள் பிடிப்பது, வெயிலில் வெளிறுவது எல்லாம் துணி வேலைதான். உங்களுக்கு வரைய வருமே, அது எங்கும் போகாது. பிறகு தேவையான இடத்தில் வரும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். மூலச் சேலையை வெட்டவே வேண்டாம். ஓரத்தில் இருந்து ஒரு நூலை இழுத்துக் கொளுத்திப் பாருங்கள். கடதாசி எரிகிற மணம் வந்து சாம்பலானால் பருத்தி. உருகிக் கட்டியானால் செயற்கை நூல். அந்தக் காலத்து நைலெக்ஸ் சேலை அப்படித்தான் உருகும், பருத்திக்கான சாயம் அதில் நிற்காது. வொயில் என்கிற மெல்லிய பருத்தித் துணிதான் என்று தெரிந்தால் அதே மாதிரி வெள்ளை வொயில் கொஞ்சம் வாங்கி, கடைப் பசை முழுக்கப் போகும்வரை சுடுநீரில் தோய்த்து, சாண் அளவு துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் மூலையிலும் நூலால் ஓர் இலக்கம் தையுங்கள். கொப்பியில் அதே இலக்கத்தைப் போட்டு, துணியின் நிறை, எந்தத் தண்ணீர், எவ்வளவு நேரம், என்ன நடந்தது என்று எழுதுங்கள். வெறுமையான கொப்பி ஒரு கிழமையில் நிரம்பத் தொடங்கும்.

இப்போது ஆவணி, பனம்பழம் விழுகிற காலம், அதால் களியில் இருந்தே தொடங்குங்கள். ஒரு துண்டை ஒருதரம் தோயுங்கள், இன்னொன்றைப் பத்துத் தரம், மற்றதை இருபது தரம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பார்க்கிறவருக்குக் காலம் தெரியும்.

அடுத்தது கறள். நாட்டுமருந்துக் கடையில் கடுக்காய்த் தூள் வாங்குங்கள். துணி 100 கிராம் என்றால் கடுக்காய் 20 கிராம். சுடுநீரில் கரைத்துத் துணியை ஓர் இரவு ஊறவைத்துக் காயவிடுங்கள், இளமஞ்சள் வரும். கறள் பிடித்த இரும்பை அந்தத் துணியில் சுற்றி, பனங்கள்ளு வினாகிரி தெளித்து ஈரமாக வைத்தால் இரும்பு தொட்ட இடம் எல்லாம் சாம்பலும் கறுப்புமாகப் பதியும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போன திறப்பு, கிணற்று வாளியின் பிடி, பிணைச்சல் என்று வீட்டில் பழைய இரும்பு இருக்கும். இரும்பு கூடினால் துணி நாளடைவில் இற்றுவிடும், ஆகவே பதிந்ததும் நன்றாக அலசுங்கள். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கைவிட்ட காணிகளில், பற்றைக்குள் கிடக்கிற இரும்பை எடுக்கவே கூடாது. வெடிக்காதது எது என்று கண்ணால் சொல்ல முடியாது.

பிறகு தண்ணீர். இதில் எனக்குத் தனி ஆசை உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் சாயவேர் கிண்டுவித்துத் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். கிண்டுகிற வேலையை ஒரு பகுதிச் சனத்தின் தலையில் கடமையாகவே கட்டியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தச் சிவப்பைப் பார்க்க வேண்டும். அந்த வகைச் சிவப்புக்குச் சுண்ணாம்பு பிடிக்கும். உங்கள் கோண்டாவிலும் சேர்ந்த வலிகாமத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறுகிறவை. சாயவேர் தேடி அலைய வேண்டாம், மருந்துக் கடை மஞ்சிட்டியே போதும், அதுவும் கிட்டத்தட்ட அந்தச் சிவப்புத்தான். கடுக்காயில் ஊறிய துணியை, 100 கிராமுக்கு 15 கிராம் சீனக்காரம் கரைத்த நீரில் ஊறவைத்து, மஞ்சிட்டி நீரில் மெதுவாகச் சூடாக்குங்கள். கொதித்தால் நிறம் மண்ணிறத்துக்குப் போய்விடும். இதை உங்கள் கோண்டாவில் கிணற்று நீரில் ஒருதரம், அம்மம்மா தங்கியிருந்த கொடிகாமத்து நீரில் ஒருதரம், பிடித்துவைத்த மழைநீரில் ஒருதரம் செய்யுங்கள். மூன்று நீரிலும் ஒரே நிறம் வந்தால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள். வராது என்றுதான் நினைக்கிறேன்.

தைக்க வராது என்கிறீர்கள். சேலையில் அம்மம்மா போட்ட ஒட்டைப் பாருங்கள். அது வெறும் நூலோட்டம்தான். அவரையே பக்கத்தில் இருத்திப் பழகுங்கள். அவர் கை நடுங்கினால் அந்தத் தையலும் நடுங்கட்டும், அதையும் மாதிரித் துண்டாகக் கொப்பியில் சேருங்கள். மெஷின் தையலை விட எனக்கு அது பெரிது.

பாலத்தைக் கடக்கிற சனத்தின் படத்தை நான் சேலையில் போட மாட்டேன். அதில் இருப்பவர் எவருடைய அம்மாவோ, அப்பாவோ. பெரிதாக்கித் திரும்பத் திரும்ப அச்சடித்தால் அவர்கள் வெறும் பூவேலை ஆகிவிடுவார்கள். அதே மாதிரித்தான், 2009இல் வன்னியில் சனம் கூறைச் சேலையைக்கூட மண்மூட்டையாகத் தைத்த கதை. உங்கள் வீட்டில் அது நடக்கவில்லை என்றால், நடந்த வீட்டுப் பிள்ளை செய்ய விடுங்கள்.

ஐப்பசிக்கு முன்னம் சாய வேலையை முடித்துவிடுங்கள். மாரி தொடங்கினால் எதுவும் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். மழைக்குள் இருந்து தையுங்கள். தை மாதத்தில் புதிதாக எதையும் தொடங்காமல், தொங்கவிடுகிற வேலையை மட்டும் பாருங்கள். வொயில் மெல்லியது, சுவரில் அறைந்தால் செத்துப்போகும். காற்றும் வெளிச்சமும் ஊடே போகிற மாதிரி, ஆள் பக்கத்தால் நடக்கும்போது அசைகிற மாதிரிக் கட்டுங்கள். பிழைத்த துண்டுகளையும் எறிய வேண்டாம். ஏன் பிழைத்தது என்று ஒரு வரி எழுதி ஒட்டினால், சரியாக வந்த துண்டைவிட அதைத்தான் பரீட்சகர் கூடநேரம் பார்ப்பார்.

இவ்வளவுக்கும் முதல், அம்மம்மாவிடம் அனுமதி கேளுங்கள். சேலையை ஊரே வந்து பார்க்கும் என்பதை விளங்கச் சொல்லுங்கள். ஒன்றைத் தருகிறேன், மற்றதைத் தரமாட்டேன் என்றால் மற்றது அலுமாரியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் சித்திரம் எடுத்து, இப்போது துணி வடிவமைப்புத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். இதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?
- ஒரு தாய், சுன்னாகம்

பதில்: ஆசிரியர் வேலை ஒரு வழி, அது உங்களுக்கும் தெரியும். மற்ற வழி, தானே தொழில் தொடங்குவது. 1960களில் கொழும்பில் ஈனா டி சில்வா, மெழுகால் மறைத்துச் சாயமேற்றுகிற பற்றிக்கிலும், பாபரா சன்சோனி கைத்தறியிலும் தொடங்கியவை சின்ன முயற்சிகள்தான். பிறகு கிராமத்துப் பெண்கள் பலருக்கு அவை வேலை கொடுத்தன. வடக்கில் கைத்தறிச் சங்கங்கள் ஒரு காலத்தில் நன்றாக ஓடின. 1977க்குப் பிறகு வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததும், பின்னால் யுத்தமும், அவற்றை விழுத்திவிட்டன. வருமானம் உடனே வரும் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு துணிக்கு விலை போடவும், கணக்கு எழுதவும், சொன்ன திகதிக்குக் கொடுக்கவும் அவள் இப்போதே பழகினால் பயப்பட வேண்டியதில்லை. அவள் செய்கிற முதல் துணியை இனாமாக வாங்காமல் காசு கொடுத்து வாங்குங்கள் அம்மா.

கேள்வி: ரீச்சர், பற்றிக் துணிகளில் சாயம் கழன்றுகொண்டே இருக்கிறது. குளிர்நீர்ச் சாயம்தான் பாவித்தேன். காட்சிக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது.
- மாணவன், பருத்தித்துறை

பதில்: மூன்று கிழமை போதும் தம்பி. அந்தச் சாயம் நூலைப் பிடிக்கச் சலவைச் சோடாவும் நேரமும் வேண்டும். சோடா போட்ட பிறகு துணியை ஈரமாகவே பொலித்தீனில் சுற்றி ஓர் இரவு வையுங்கள். வெயிலில் உடனே காயப்போட்டால் சாயம் பாதியில் நின்றுவிடும். சோடா கலந்த சாயத்தை மறுநாளுக்கு எடுத்துவைத்தும் பயனில்லை, அது தண்ணீரோடேயே சேர்ந்து வலுவிழந்துவிடும்.

உங்கள் கிணறும் ஒரு காரணமாக இருக்கலாம். நம் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு சோடாவோடு சேர்ந்து வெண்மையாகப் படியும், சவர்க்காரத்தையும் திரைக்கும். சாயம் கலக்கவும் கடைசி அலசலுக்கும் மழைநீரோ வாங்குகிற குடிநீரோ பாவியுங்கள்.

ஏற்கெனவே செய்த துணிகளை முதலில் பச்சைத் தண்ணீரில் நிறம் குறையும்வரை அலசுங்கள். பிறகு பெரிய பானையில் கொதிக்கவையுங்கள். மெழுகும் கழரும், ஒட்டாமல் நிற்கிற சாயமும் கழரும். அடர்ந்த நிறத் துணியையும் வெளிர் துணியையும் ஒன்றாகப் போட வேண்டாம். பானை ஆறியதும் மேலே கட்டியான மெழுகை எடுத்து வையுங்கள், அடுத்த முறைக்கு உதவும். அந்தத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். கடைசியாக, ஈரத் துணியை வெள்ளைத் துணி ஒன்றின் மேல் வைத்து ஸ்திரிக்கை போடுங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டாவிட்டால் காட்சிக்குக் கொண்டுபோகலாம். ஒட்டினால் இன்னொரு தரம் கொதிக்கவையுங்கள்.