பயணிகள் விமான என்ஜின் குண்டாகவும் போர் விமான என்ஜின் ஒல்லியாகவும் இருப்பது ஏன்?

இரண்டுமே டர்போஃபேன்தான், அதாவது முன்னால் விசிறி உள்ள ஜெட் என்ஜின். வித்தியாசம் 'பைபாஸ் விகிதம்' என்பதில் இருக்கிறது. முன்னால் சுழலும் விசிறி இழுக்கும் காற்றில் ஒரு பங்கு உள்ளே போய் எரிபொருளோடு எரிகிறது. மீதி, நெருப்புப் பக்கமே போகாமல் அதைச் சுற்றிப் பின்னால் வெளியேறுகிறது. உள்ளே போகும் ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோ சுற்றிப் போகிறது என்பதே விகிதம். ஏர்பஸ் ஏ320 நியோவில் வரும் லீப் என்ஜினில் இது சுமார் 11. தேஜஸ் போர் விமானத்தின் எஃப்404 என்ஜினிலோ ஒன்றுகூட இல்லை, ஏறத்தாழ 0.34.

நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினாலும், கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளினாலும் அதே உந்துவிசை கிடைக்கும். ஆனால் ஒரு கிலோ காற்றின் வேகத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். அதனால் முதல் வழிதான் சிக்கனம். படகை அகலத் துடுப்பால் நிதானமாக வலிப்பதற்கும், மூங்கில் குச்சியால் படபடவென்று அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். சரி, போர் விமானத்துக்கு ஏன் குச்சி? ஒலியை மிஞ்சிப் பறக்கும்போது அகல முகம் காற்றில் பெரிய தடையாகிவிடும்.

  

பின்னால் சீறும் சூடான வாயுதான் பயணிகள் விமானத்தைத் தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பங்கு தள்ளுவது எரியாத அந்தக் காற்றுதான்.