பட்டறைப் பதில்கள்: கேப்பர் மலை ஏறாத வண்டி

கேள்வி: ஐயா, என்னிடம் பழைய டாடா மொபைல் பிக்கப் இருக்கிறது. 483 எஞ்சின். கடலூர் முதுநகரில் சிமெண்டும் உர மூட்டையும் ஏற்றிக்கொண்டு கேப்பர் மலை ஏறினால் இரண்டாவது கியரிலேயே திணறுகிறது. திரும்பும்போது வாழைத்தார் ஏற்றி வருகிறேன். 407 லாரியில் இருந்து கழற்றிய 497 எஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது. "அப்படியே உட்கார்ந்துவிடும்" என்கிறார்கள். மாற்றலாமா?
— ஒரு வாசகர், வெள்ளக்கரை

பதில்: தம்பி, "அப்படியே உட்கார்ந்துவிடும்" என்று சொன்னவர் எஞ்சினை விற்பவரா, மாட்டுபவரா என்று நீங்கள் எழுதவில்லை. விற்பவராகத்தான் இருப்பார்.

483, 497 என்ற எண்களிலேயே விஷயம் இருக்கிறது. முதலில் வரும் 4, சிலிண்டர்களின் எண்ணிக்கை. அடுத்த இரண்டு இலக்கங்கள் சிலிண்டரின் விட்டம். உங்களுடையது 83 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்); 1,948 சி.சி. விலைக்கு வருவது 97-க்கு 100, 2,956 சி.சி. ஒன்றரை மடங்கு. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் ஒன்று கேட்கிறேன்: இதே வண்டி சில வருடங்களுக்கு முன்பு இதே மேட்டில் இதே பாரத்தோடு ஏறியதா? ஏறியது என்றால், இழுவை எங்கோ தொலைந்திருக்கிறது. தொலைத்த இடத்தில் தேடுவோம்.

ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து, டீசல் பம்ப்பின் லிவர் கடைசிவரை போகிறதா என்று பாருங்கள். ஒரு விரற்கடை பாக்கி நின்றால் கேபிள் தொய்ந்திருக்கிறது. இதற்காக எஞ்சினையே பிரித்துப்போட்டவர்களை எனக்குத் தெரியும். அடுத்து ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர். மேடு ஏறும்போது கரும்புகை கக்கினால் முதலில் ஏர் ஃபில்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிறகு கிளட்ச்: சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்சை விடுங்கள். எஞ்சின் அணைந்தால் நல்லது. உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது, எத்தனை சி.சி. இருந்தாலும் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. கடைசியாக, ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். இட்லிப் பானையைப் போல ஆவி குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. அப்போதும் உங்கள் எஞ்சினைச் செம்மை பார்ப்பதுதான் என் யோசனை.

இவ்வளவுக்குப் பிறகும் பெரியதுதான் வேண்டும் என்றால், என் கதையைக் கேளுங்கள். முதலியார்பேட்டையில் நான் பட்டறை வைத்த புதிதில், மீன் ஏற்றும் ஒருவருக்கு இப்படியொரு எஞ்சினை மாட்டிக்கொடுத்தேன். லேத்தில் கொடுத்து இடைத் தகடு கடைந்து, கியர் பாக்ஸோடு பொருத்தி, மவுண்டிங்கை வெட்டி ஒட்டி எல்லாம் செய்தேன். ஸ்டார்ட் ஆன அன்று தெருவே கூடிப் பார்த்தது. மூன்றாவது மாதம் வண்டி அரியாங்குப்பம் பாலத்தில் நின்றுவிட்டது. பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் அச்சின் ஹவுசிங்கைத் திறந்தேன். சக்கரங்களைச் சுழற்றும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தின் பற்கள் நான்கு, உடைத்த முந்திரிப் பருப்பைப் போல எண்ணெய்க்குள் கிடந்தன. சின்ன எஞ்சினின் முறுக்கு விசைக்கென்று செய்த பல்லுக்குப் பெரிய எஞ்சினின் முறுக்கைக் கொடுத்தது என் தவறு. பாதிச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். ஐஸ் கரைந்து போன மீனுக்கு யார் பொறுப்பு என்பது இன்னும் தீரவில்லை.

ஆக, எஞ்சினை மாற்றினால் கிளட்ச், கியர் பாக்ஸ், பின்னச்சுக்குப் போகும் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டு, கிரவுனும் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் வரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கனமான எஞ்சினுக்கு முன்பக்க ஸ்பிரிங் பட்டை தணியும். பழைய ரேடியேட்டர் மேட்டில் கொதிக்கும். 497 நிதானமாகச் சுற்றி இழுக்கும் ஜாதி. அதே கிரவுனோடு புதுச்சேரி சாலையில் போனால் உங்கள் பழைய வேகம் கிடைக்காது. எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை பிரேக். எஞ்சின் பெரியதானதும் மூட்டையும் கூடும், யாராலும் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. வாழைத்தாரோடு மலையிறங்கும்போது பிடிக்கப்போவது அதே பழைய பிரேக்தான்.

சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போகும் வண்டியில் இதை மறைப்பது எப்படி?

கேள்வி: என் பிக்கப்பின் எஞ்சின் பிளாக் விரிசல் விட்டுவிட்டது. அதே மாடல் எஞ்சினைப் பழையதாக வாங்கி மாட்டினாலும் தெரிவிக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், பாகூர்

பதில்: வேண்டும். எஞ்சின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது அல்லவா? வேலையைத் தொடங்கும் முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிவிடுவது நல்லது. அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் தெரிவித்து, கட்டணம் கட்டி, ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்றிக்கொள்ளுங்கள். உங்களுடையது பி.ஒய். 01 வண்டி என்றால் புதுச்சேரியில், டி.என். 31 என்றால் கடலூரில்.

வாங்கும்போது ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பளபளவென்று பெயிண்ட் அடித்த ஓர் எஞ்சினை வாங்கிவந்து, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைத் திறந்தேன். தண்ணீர் கலந்த ஆயில், பால் ஊற்றிய டீயைப் போல வடிந்தது. ரசீதும், அது முன்பு இருந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கேளுங்கள். எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் ஓடிய தடம் தெரிந்தால், விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் பணத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.