தூரம் ஒன்று, நேரம் வேறு: விமானப் பயணக் கேள்வி-பதில்

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகிறது. திரும்பும்போது ஏழு மணி நேரத்திலேயே வந்துவிடுகிறோம். தூரம் ஒன்றுதானே?

பதில்: தூரம் ஒன்றுதான், சுமார் 5,550 கி.மீ. வேறுபாட்டுக்குக் காரணம் காற்று. தரையிலிருந்து பத்து கிலோமீட்டர் உயரத்தையொட்டி, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. ஆற்றின் போக்கில் செல்லும் ஓடத்துக்குக் கிடைக்கும் உதவிதான் கிழக்கே பறக்கும் விமானத்துக்கும் கிடைக்கிறது. எதிர்த்திசையில் போனால் அதே காற்று இழுத்துப் பிடிக்கும். குளிர்காலத்தில் இதன் வேகம் இன்னும் கூடும். 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை வைத்து அளந்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தைக் கடக்கவில்லை. சுற்றியிருந்த காற்றும் அதனுடன் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது அல்லவா! எனக்கு அலுக்காத கணக்கு இது.

கேள்வி: தூரம் தெரிந்தால் நேரத்தைக் கணிக்க முடியுமா?

பதில்: தோராயமாக முடியும். கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்காக அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,700 கி.மீ. என்றால் இரண்டரை மணி நேரம். அட்டவணையில் இருக்கும் நேரம் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் போய் நிற்பது வரை அதில் அடங்கும்.

கேள்வி: டோக்கியோவில் மாலை 5 மணிக்குப் புறப்பட்டு லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் காலை 10 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: பிழையில்லை. டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் நேரங்கள். குளிர்காலத்தில் டோக்கியோ 17 மணி நேரம் முன்னால் இருக்கிறது. நீங்கள் புறப்படும்போது லாஸ் ஏஞ்சல்ஸில் நள்ளிரவு 12. ஆகவே பயணம் பத்து மணி நேரம். இரண்டு நேரங்களை நேரடியாகக் கழித்துப் பார்த்து, அடுத்த விமானத்தைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: தூரம் மாறாமலே ஒரு பயணம் பல மணி நேரம் நீளுமா?

பதில்: நீளும். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பு சுமார் ஒன்பதரை மணி நேரம்தான். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் அது 13 மணி நேரத்தை நெருங்கிவிட்டது. இரு நகரங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரத்தைத்தான் பட்டியல்கள் தருகின்றன. விமானம் அதே பாதையில் பறக்கும் என்பதற்கு உறுதியில்லை. பயணத்தைத் திட்டமிடுபவர்கள் கிலோமீட்டரை விட்டுவிட்டு இன்றைய அட்டவணையைப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: லண்டன்–நியூயார்க் தூரத்தை ஓரிடத்தில் 3,450 மைல் என்றும் இன்னோரிடத்தில் 3,000 மைல் என்றும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டும் சரி. முதலாவது சாதாரண மைல், 1.609 கி.மீ. இரண்டாவது விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல், 1.852 கி.மீ.