சித்தப்பாவின் குடியைப் புரிந்துகொள்ள எந்தப் படிப்பு?

"குடித்தால் இப்போதெல்லாம் சந்தோஷமே வருவதில்லை என்று சித்தப்பாவே சொல்கிறார். பிறகு ஏன் குடிக்கிறார்? இதைப் படிக்க எதில் சேர வேண்டும்? இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா என்று அப்பா கேட்கிறார்." – உசிலம்பட்டி பகுதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவி.

மகளே, நீ கேட்டிருப்பது மூளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய கேள்வி. 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைப் பொருத்தினார்கள். ஒரு கட்டையை அழுத்தினால் அங்கே சிறிது மின்சாரம் பாயும். எலிகள் ஓயாமல் அழுத்தின. மூளையின் இன்ப மையம் அகப்பட்டுவிட்டது என்று நினைத்தார்கள். டோபமைன்தான் இன்பம் தரும் ரசாயனம் என்ற எண்ணமும் பின்னாளில் வேரூன்றியது.

அதை அசைத்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ். டோபமைன் ஏறக்குறைய முழுதும் அழிக்கப்பட்ட எலிகள் பக்கத்தில் இருந்த உணவைக்கூடத் தேடிப் போகவில்லை. ஆனால் வாயில் சர்க்கரைக் கரைசலை விட்டால் முன்போலவே நாக்கைச் சப்பி ரசித்தன. ஆக, ஒன்றுக்காகத் தவிப்பதும் அதை ரசிப்பதும் மூளையில் வெவ்வேறு வேலைகள். போதையில் ரசனை தேய்ந்த பிறகும் தவிப்பு வளர்ந்துகொண்டே போகலாம் என்பது பெரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் 1993இல் முன்வைத்த விளக்கம். உன் சித்தப்பா சொன்னது அதைத்தான். இதற்கு நேர்மாறாக, மனச்சோர்வில் பலருக்கு எதையும் நாடும் உந்துதலே வற்றிவிடுகிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டுவது கொடுமை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெடுநாள் தினமும் குடிப்பவர் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

இனி படிப்பு. நோயாளியின் எதிரே அமர்ந்து மருந்து எழுத விரும்பினால் நீட், எம்.பி.பி.எஸ்., பிறகு மூன்று ஆண்டு எம்.டி. மனநல மருத்துவம். பேச்சின் வழியே சிகிச்சை தர விரும்பினால் உளவியல். ஆனால் பி.எஸ்சி. உளவியலோடு நின்றால் சிகிச்சை அளிக்க முடியாது. இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த மேற்படிப்பை முடித்துப் பதிவு பெற வேண்டும். கல்லூரி விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. ஏன், எப்படி என்று துருவுவதுதான் உன் இயல்பு என்றால் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பு. அதற்கு நீட் வேண்டாம், ஐ.ஏ.டி. என்ற தனி நுழைவுத் தேர்வு உண்டு. உன் கடிதத்தைப் படித்தபோது இந்த வழிதான் உனக்குப் பொருந்தும் என்று எனக்குப் பட்டது. பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அங்கேயே உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் முனைவர் பட்டத்துக்கு முயலலாம்.

அப்பாவிடம் மறைக்காமல் சொல்: ஆய்வு வழியில் நிலையான சம்பளத்துக்குப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம், ஆனால் முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் உதவித்தொகை கிடைக்கும். அவ்வளவு காலம் வீடு தாங்காது என்றால் பி.எஸ்சி. நர்சிங் முடித்து மனநலச் செவிலியராகும் வழியும் இருக்கிறது. சம்பாத்தியம் விரைவில் தொடங்கும். ஐ.ஏ.டி. விண்ணப்பம் பொதுத்தேர்வு நெருக்கடியில் வரும். பிப்ரவரியிலிருந்தே அதன் இணையதளத்தைப் பார்த்து வா.