நோயிலிருந்து மீண்ட தாடி ஓணான் குட்டி உண்ண மறுக்கும்போது: கேள்வி பதில்

பியர்டட் டிராகன் என்னும் தாடி ஓணான் குட்டிகளை நான் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். பிறர் கைவிட்ட, நோயுற்ற குட்டிகளை வாங்கித் தேற்றுவதும் அதில் அடங்கும். நான் மருத்துவன் அல்லன். ஆகவே இங்கே கூறுபவை அனைத்தும் நோய் இன்னதென்று கால்நடை மருத்துவர் கண்டறிந்து, மருந்தும் கொடுத்த பிறகு வீட்டில் செய்ய வேண்டிய பராமரிப்பைப் பற்றியவை மட்டுமே. ஒரே பொருளைக் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் குட்டிக்கு மூன்று மாத வயது, எடை 45 கிராம். மலப் பரிசோதனையில் காக்சிடியா இருப்பது தெரிந்து, மருந்து முடிந்து பத்து நாள் ஆகிறது. கிரிக்கெட் பூச்சியை முன்னால் விட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாயைத் திறந்து ஊட்டலாமா?

பதில்: இப்போது வேண்டாம். காக்சிடியா குடலின் உட்சுவரிலுள்ள செல்களுக்குள் புகுந்து பெருகும் ஒட்டுண்ணி. மருந்து அதை அடக்குமே தவிர, அது ஏற்படுத்திய புண்ணை அன்றே ஆற்றிவிடாது. நாம் காய்ச்சலில் கிடந்து எழுந்தால் கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் போன்ற நிலையில்தான் உங்கள் குட்டி இருக்கிறது. ஆனால் நமக்கும் அதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அதன் உடலோ வெளியிலிருந்து கிடைக்கும் சூட்டைக் கொண்டுதான் செரிமானம், நோயெதிர்ப்பு, பசி ஆகிய மூன்றையும் நடத்துகிறது. போதிய சூடில்லாத ஓணானின் வயிற்றுக்குள் தள்ளிய உணவு செரிக்காமல் அங்கேயே அழுகும். தொடக்க நாட்களில் நானே அவசரப்பட்டு, விளக்கைச் சரிபார்க்காமல் ஒரு குட்டிக்குக் கூழைப் புகட்டிவிட்டு, மறுநாள் காலை அது முழுவதையும் நாற்றத்தோடு கக்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எனவே முதலில் சூடு, அடுத்து நீர், கடைசியில் உணவு என்ற வரிசையை மாற்றாதீர்கள். வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரையும், தொட்டியின் குளிர்ந்த முனை 25 முதல் 28 வரையும் இருக்கட்டும். விருப்பப்படி இரு முனைகளுக்கும் இடையே நடந்து, தன் உடற்சூட்டை ஏறக்குறைய 35 டிகிரியில் நிறுத்திக்கொள்வது அதன் இயல்பு. இரண்டு மூன்று நாட்கள் இந்த ஏற்பாட்டில் இருந்தும் அது எதையும் நக்கக்கூட மறுத்தால், அதன் பிறகு ஊட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி 35 டிகிரி காட்டுகிறது. அது போதாதா?

பதில்: அது காட்டுவது கண்ணாடியின் சூட்டை, குட்டி படுத்திருக்கும் கல்லின் சூட்டை அன்று. துப்பாக்கி வடிவிலுள்ள அகச்சிவப்பு வெப்பமானியை வாங்கி, விளக்கு எரியத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துக் கல்லின் மேல் நேராகப் பிடித்து அளந்து பாருங்கள். உண்ணாத குட்டிகளைப் பற்றி என்னிடம் கேட்டவர்களில் பலருக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

புற ஊதாக் கதிர் விளக்கையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். யுவிபி குழல் விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தாலும், அதன் புற ஊதா வீச்சு மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துவிடும். ஆகவே டி5 எனப்படும் மெல்லிய வகைக் குழலை ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். விளக்குக்கும் குட்டிக்கும் இடையே கண்ணாடி இருந்தால் அந்தக் கதிர் அநேகமாக வந்து சேராது. கம்பி வலையும் கணிசமான பங்கைத் தடுத்துவிடும். சன்னலோரத்தில் தொட்டியை வைத்தால் வெயில் கிடைத்துவிடும் என்று நம்புவோருக்கும் இதுவே பதில். அதிலும் மூடிய கண்ணாடித் தொட்டி வெயிலில் மிக விரைவில் அடுப்பாக மாறிவிடும் என்பதால், தயவுசெய்து அந்தச் சோதனையைச் செய்து பார்க்காதீர்கள்.

கேள்வி: கண்கள் குழிந்திருக்கின்றன. தண்ணீர்க் கிண்ணத்தை அது தொடுவதே இல்லை. குளிப்பாட்டலாமா?

பதில்: கிண்ணத்தில் அசையாமல் நிற்கும் நீரைப் பல ஓணான்கள் நீர் என்றே உணர்வதில்லை. மூக்கின் நுனியில் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். பெரும்பாலான குட்டிகள் ஐந்தாறு சொட்டுக்குள் நாக்கை நீட்டும். நக்குவதை நிறுத்திய உடனே நீங்களும் நிறுத்திவிட வேண்டும். ஏறக்குறைய 32 டிகிரி வெதுவெதுப்பான நீரில், குட்டியின் முன்கால் முழங்கை நனையும் ஆழத்தில் மட்டும், பதினைந்து நிமிடம் நிற்கவிடுவதும் பயன்தரும். தோல் வழியாக நீர் உள்ளே போகும் என்பதற்காக அன்று, அங்கே நின்றபடி அது குடிக்கக்கூடும், எச்சமும் எளிதில் வெளியேறும் என்பதற்காக. ஒரு நொடிகூடத் தனியாக விட்டுச் செல்லாதீர்கள். எச்சம் போட்ட நீரை அது குடித்துவிடாமல் உடனே மாற்றுங்கள். காக்சிடியா வந்த குட்டிக்கு இது மிகவும் முக்கியம்.

எச்சத்தோடு வரும் வெள்ளைக் கட்டி மென்மையாக இருந்தால் உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறது என்று கொள்ளலாம். அது மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறத்திலோ மாறிக் கல்போல் இறுகியிருந்தால் நீர் போதவில்லை. கண்கள் நன்றாகக் குழிந்து, தோலை மெல்லக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறது என்னும் நிலையில் வீட்டு வைத்தியம் போதாது. மருத்துவர் தோலுக்கடியில் திரவம் செலுத்த வேண்டியிருக்கும்.

கேள்வி: மருத்துவர் கூழ் கொடுத்து, சிரிஞ்சால் ஊட்டச் சொல்லிவிட்டார். எப்படி, எவ்வளவு என்று கேட்க மறந்துவிட்டேன்.

பதில்: மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுங்கள்; அவர் சொல்லும் அளவே உங்கள் குட்டிக்கு உரியது. நான் கடைப்பிடிக்கும் அளவை மட்டும் கூறுகிறேன். முதல் நாள் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 50 கிராம் குட்டிக்கு அரை மில்லி, ஒரே வேளை. அது கக்காமலிருந்தால் ஒரு வாரத்தில் படிப்படியாக இரண்டு மூன்று மடங்காக்குவேன். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குள் திடீரென்று நிறைய உணவு சென்றால், இரத்தத்திலுள்ள பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்களுக்குள் ஒரேயடியாக இழுக்கப்பட்டு, இதயமே தடுமாறும் நிலை உருவாகலாம். பசித்தவனுக்கு வயிறு நிறையப் போடுவதுதான் இரக்கம் என்று நமக்குத் தோன்றும்; இங்கே அந்த இரக்கமே ஆபத்தாகிவிடும்.

செய்முறை இதுதான். ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டி நன்றாக வெயில் காய்ந்த பிறகு, துணியில் தளர்வாகச் சுற்றி, தலை சற்று உயர்ந்திருக்கும்படி பிடியுங்கள். வாயின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது நக்கினால் இன்னொரு சொட்டு. அவ்வளவுதான். நக்கி உண்ணும் குட்டியின் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. நாக்கின் அடியோரத்தில் மூச்சுத்துளை இருப்பதால், கூழை வேகமாக உள்ளே பீய்ச்சினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். வாயைத் திறந்துதான் ஊட்ட வேண்டும் என்ற நிலை வந்தால், ஒரு முறையாவது மருத்துவர் செய்வதை அருகிலிருந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தாடையைப் பிளந்தோ தாடித் தோலைப் பிடித்து இழுத்தோ குட்டியைக் காயப்படுத்தியவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் அதைச் செய்தார்கள்.

மாலையில் ஊட்டாதீர்கள். உண்ட பின் குறைந்தது இரண்டு மணி நேரமாவது விளக்கின் சூடு அதற்குக் கிடைக்க வேண்டும்.

கேள்வி: ஐந்து மாதக் குட்டி இது. குளிர்கால உறக்கமாக இருக்குமோ?

பதில்: இல்லை. ஓராண்டு நிரம்பாத குட்டி உண்ணாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் அதை நோய் என்றே கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பூச்சியைப் பார்த்ததும் ஓடி வருகிறது, கவ்வுகிறது, உடனே கீழே போட்டுவிடுகிறது. பசி இருக்கிறதா, இல்லையா?

பதில்: பசி இருக்கிறது, வாய் ஒத்துழைக்கவில்லை. இந்த வேறுபாட்டைக் கவனித்து எழுதியமைக்கு நன்றி, ஏனெனில் பலர் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். ஈறு சிவந்து வீங்கியிருக்கிறதா, வாயோரத்தில் சீழ் போன்ற வெண்படலம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்த்தாடையை மிக மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். எலும்பின் உறுதியில்லாமல் ரப்பர்போல் வளைந்தாலோ, கால் விரல்கள் தாமாகத் துடித்தாலோ, அது கால்சியம் குறைவால் வரும் எலும்பு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் தேவை. கால்சியம் பொடியை மேலும் தூவினால் மட்டும் தீராது. அதுவரை கடினமான ஓடுள்ள பூச்சிகளை நிறுத்திவிட்டுப் பட்டுப்புழு போன்ற மென்மையானவற்றைக் கொடுங்கள். பின்கால்களை இழுத்து நடந்தாலும், பல நாட்களாக எச்சமே போடாமல் வயிறு உப்பியிருந்தாலும் குடல் அடைப்பாக இருக்கக்கூடும். அப்போது உணவு கொடுப்பதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கேள்வி: மெழுகுப்புழுவை மட்டும் உண்கிறது. வேறெதையும் தொடுவதில்லை. கொடுத்துக்கொண்டே இருக்கலாமா?

பதில்: நான்கைந்து நாட்களுக்குக் கொடுக்கலாம், அதைப் பற்றிக் குற்றவுணர்வு வேண்டாம். உண்ணவே உண்ணாத குட்டி எதையாவது விழுங்குகிறது என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் மெழுகுப்புழுவில் கொழுப்பு மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. குட்டிகள் அதன் சுவைக்கு விரைவில் பழகிவிடும். ஆகையால் அதைத் தூண்டிலாகப் பயன்படுத்துங்கள். புழுவைக் கிள்ளி அதன் சாற்றைப் பட்டுப்புழுவின் மேல் தடவிக் கொடுத்தால் பல குட்டிகள் ஏமாந்துவிடும். கருப்புப் படைவீரன் ஈயின் புழு இத்தகைய குட்டிகளுக்கு மிகப் பொருத்தமானது; பிற தீனிப் பூச்சிகளைவிட அதில் இயல்பாகவே கால்சியம் அதிகம். ஹார்ன்வார்ம் புழுவில் பெரும்பகுதி நீர்தான் என்பதால் நீரிழப்புள்ள குட்டிக்கு நல்லது. ஆனால் அதையே முழு உணவாகக் கொள்ள முடியாது.

எந்தப் பூச்சியானாலும் குட்டியின் இரு கண்களுக்கு இடையேயுள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. தேறிவரும் குட்டிக்கு இன்னும் சிறியதைக் கொடுங்கள். மின்மினியை மட்டும் எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு மின்மினி இந்த ஓணானைக் கொன்றுவிடும்.

கேள்வி: கால்சியம் பொடி தூவினால் உண்ண மறுக்கிறது. தூவாவிட்டால் ஓரிரண்டு உண்கிறது.

பதில்: தூவாமலேயே கொடுங்கள், சில நாட்களுக்கு. பின்னர் ஐந்தில் ஒரு பூச்சிக்கு மட்டும் மிக மெல்லிதாகத் தூவிக் கலந்துவிடுங்கள். ஆனால் பெரும்பாலான தீனிப் பூச்சிகளில் கால்சியத்தைக் காட்டிலும் பாஸ்பரஸ் பல மடங்கு என்பதால், இந்தச் சலுகையை இரண்டு வாரத்துக்கு மேல் நீட்டிக்க நான் துணியமாட்டேன்.

கேள்வி: இரண்டு குட்டிகளை ஒன்றாக வைத்திருக்கிறேன். நோய் வந்தது ஒன்றுக்கு மட்டும். பிரிக்க வேண்டுமா?

பதில்: இன்றே பிரித்துவிடுங்கள். ஒன்றன் மேல் மற்றொன்று ஏறிப் படுப்பது பாசத்தால் அன்று. வெயில் காயும் இடத்தை வலியது பறித்துக்கொள்வதுதான் அது. மெலிந்தது அஞ்சியே உண்ணாமல் இருக்கும். நோய் தெரியாத குட்டியின் எச்சத்தையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி: எத்தனை நாள் பொறுத்திருக்கலாம்? எடை எவ்வளவு குறைந்தால் அஞ்ச வேண்டும்?

பதில்: நாட்களை எண்ணுவதைவிடக் கிராமை எண்ணுவது மேல். ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில், நாள்தோறும் காலையில், உணவுக்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு நாள் இரண்டு கிராம் குறைவது எச்சம் போட்டதாலும் இருக்கலாம். தொடர்ந்து நான்கு நாட்கள் இறங்குமுகமாக இருப்பது வேறு. நோய்க்கு முந்தைய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தவுடன் நான் மருத்துவரை அழைத்துவிடுவேன். வாலின் அடிப்பகுதி ஒட்டி இடுப்பெலும்பு தெரிவது, தலையின் பின்புறம் குழிவிழுவது, வாயைத் திறந்தபடி சளியோடு மூச்சு விடுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தராசு என்ன காட்டினாலும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: முதலில் கேட்டவன் மீண்டும் எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி அளந்ததில் கல்லின் சூடு 31 டிகிரிதான் இருந்தது. விளக்கை மாற்றி நான்கு நாள் ஆகிறது. இன்று காலை தானாகவே வந்து மூன்று சிறு புழுக்களை உண்டது. இனி வழக்கம்போல் வயிறு நிறையக் கொடுக்கலாமா?

பதில்: மிக்க மகிழ்ச்சி; ஆனால் இன்றைக்கு அந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாளை காலை மூன்று, நண்பகலில் இரண்டு. எச்சம் இயல்பான வடிவில் வந்தால் அடுத்த நாள் ஓரிரண்டைக் கூட்டுங்கள். ஏறக்குறைய பத்து நாட்களில், ஒரு வேளைக்குப் பத்து நிமிடத்தில் அது எவ்வளவு உண்கிறதோ அவ்வளவு என்னும் பழைய முறைக்கு வந்துவிடலாம். கீரையைப் பொடியாக நறுக்கி ஓரத்தில் வையுங்கள். தொடாவிட்டாலும் பரவாயில்லை, இந்த வயதில் அதற்குப் பூச்சியே முதன்மை உணவு. உண்ணாத பூச்சிகளை இரவில் தொட்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். அவை தூங்கும் குட்டியையே கடிக்கும்.

இன்னொன்று. தொட்டியில் மணல் இருந்தால் எடுத்துவிட்டு, தாளை விரித்து, எச்சம் விழுந்தவுடன் அந்தத் தாளையே மாற்றிவிடுங்கள். காக்சிடியாவின் முட்டைகளை வீட்டில் பயன்படுத்தும் பிளீச்சிங் கரைசல் கொல்வதில்லை. கொதிநீரும் நீராவியும் கொல்லும். ஆகையால் கல், மரக்கிளை, கிண்ணம் ஆகியவற்றைக் குட்டியை வேறிடத்தில் வைத்துவிட்டுக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, நன்றாக ஆறிய பிறகு திரும்ப வையுங்கள். அடுத்த மலப் பரிசோதனைக்குரிய நாளையும் மருத்துவரிடம் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.