என் ஓவியங்கள் எனக்கு இடம் வாங்கித் தருமா?

கேள்வி: 11-ஆம் வகுப்பு முடிக்கப்போகிறேன். சின்ன வயதிலிருந்து வரைகிறேன். பென்சிலில் முகங்கள் வரைவதுதான் என் பலம். புகைப்படம் மாதிரியே இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். மதிப்பெண்களும் நன்றாகவே இருக்கின்றன. அமெரிக்காவில் யேல், பிரவுன் மாதிரி ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்க ஆசை. ஓவிய ஆசிரியரோ, "உன் கைக்குக் கலைக்கல்லூரிதான் சரி" என்கிறார். அப்பா, "ஓவியத்தைக் காட்டி இடம் வாங்கு, உள்ளே போய்ப் பொருளாதாரம் படி" என்கிறார். என் ஓவியங்கள் எனக்கு இடம் வாங்கித் தருமா? எவற்றை அனுப்பட்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். யேல், பிரவுன் மாதிரி இடங்களில் ஓவியம் மட்டுமே உனக்கு இடம் வாங்கித் தராது. படிப்பும் மற்றதும் ஏற்கெனவே வலுவாக இருந்தால், நல்ல ஓவியங்கள் உன் விண்ணப்பத்தைத் தனியாக எடுத்துக் காட்டும். உன் ஆசிரியரும் அப்பாவும் வெவ்வேறு வகைப் படிப்புகளை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அதைப் பிரித்துப் பார்த்தாலே உன் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

ஆசிரியர் சொல்வது ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் போன்ற கலைக்கல்லூரியை. சுருக்கமாக 'ரிஸ்டி' என்பார்கள். அங்கே போர்ட்ஃபோலியோ, அதாவது நீ தேர்ந்தெடுத்து அனுப்பும் படைப்புகளின் தொகுப்பு, கட்டாயம். 12 முதல் 20 படைப்புகள் வரை கேட்கிறார்கள். சேர்க்கையில் அதற்குப் பெரிய எடை உண்டு. முதல் வருஷத்தின் பெரும்பகுதி ஸ்டுடியோவிலேயே கழியும்.

யேலில் நடைமுறை வேறு. 1869-இல் தொடங்கிய புகழ்பெற்ற கலைப்பள்ளி அங்கே இருக்கிறது, ஆனால் அது முதுகலை மாணவர்களுக்கு. பள்ளி முடித்துப் போகிறவர்கள் எல்லோரையும் போல யேல் கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள். சேர்ந்த பிறகு கலையை முதன்மைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். ஓவியங்களை அனுப்புவதும் அனுப்பாததும் உன் விருப்பம். அனுப்பினால் இணையம் வழியாகப் போகும். கலைத்துறை ஆசிரியர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லலாம், ஆனால் முடிவு சேர்க்கை அலுவலகத்துடையது. அந்த அலுவலகம் நூறு விண்ணப்பங்களில் ஐந்துக்கும் குறைவானவற்றுக்கே இடம் தருகிறது. உன் பாடங்கள், மதிப்பெண்கள், கட்டுரைகள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் அங்கே முதலில் நிற்க வேண்டும். அதனால் ஓவியத்துக்காகக் கணக்கைக் கைவிட்டுவிடாதே.

இரண்டும் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. பிரவுனும் ரிஸ்டியும் பிராவிடன்ஸ் நகரில் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 2008 முதல் ஓர் இரட்டைப் பட்டப் படிப்பை நடத்துகின்றன. ஐந்து வருஷத்தில் இரு நிறுவனங்களின் பட்டமும் கிடைக்கும். ஆனால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகத் தேர்வாக வேண்டும், அதற்கு மேல் ஒரு கூட்டுக் குழுவும் சம்மதிக்க வேண்டும். இடங்களோ மிகக் குறைவு. விண்ணப்பிப்பதென்றால் விண்ணப்பி, அதை மட்டும் நம்பி இருக்காதே. கார்னகி மெலன் மாதிரி, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கலைப்பள்ளி இருந்து அதற்கு போர்ட்ஃபோலியோ கட்டாயமாகக் கேட்கும் இடங்களும் உண்டு. ஒவ்வோர் இடத்தின் விதியையும் அவரவர் தளத்திலேயே படித்துக்கொள்.

அப்பா சொல்வதில் ஒரு பாதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஓவியமும் பொருளாதாரமும் சேர்த்துப் படிக்க முடியும் என்பதுதான் அந்தப் பல்கலைக்கழகங்களின் பெரிய வசதி. மாயா லின் என்ற கட்டடக் கலைஞர் யேலில் இளங்கலை மாணவியாக இருந்தபோது, ஈமக் கட்டடக்கலை, அதாவது இறந்தவர்களுக்கான நினைவிடங்கள் பற்றிய ஒரு வகுப்புக்காக வியட்நாம் போர் நினைவுச்சின்னத்துக்கு ஒரு வடிவம் செய்தார். அதையே தேசியப் போட்டிக்கும் அனுப்பினார். வந்த 1,421 வடிவங்களையும் நடுவர்கள் பெயர் தெரியாமல் பார்த்து, 1981-இல் அவருடையதைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 21. பல துறைகள் ஒரே வளாகத்தில் இருப்பதால் விளையும் நன்மை இதுதான்.

இன்னொரு பாதியை நான் ஏற்க மாட்டேன். ஓவியத்தை நுழைவுச் சீட்டாக நினைத்து எழுதினால் கட்டுரைகளில் அது தெரிந்துவிடும். நீ உள்ளே போய் எதைப் படிப்பாய் என்று இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. வரைவதை நிறுத்த மாட்டாய் என்பது உண்மையாக இருந்தால் போதும்.

சரி, எந்த ஓவியங்களை அனுப்புவது? இதைத்தான் நிதானமாகப் பேச வேண்டும். "புகைப்படம் மாதிரியே இருக்கிறது" என்று எல்லோரும் பாராட்டுவதாக எழுதியிருக்கிறாய். உன் கையின் பொறுமையை அது காட்டுகிறது, அந்தப் பொறுமை சாதாரணமாக வராது. ஆனால் போர்ட்ஃபோலியோ பார்க்கிறவர்களின் முன்னால், இணையத்தில் கிடைத்த நடிகர் படத்தைக் கட்டம் போட்டு அப்படியே வரைந்த முகங்கள் ஏராளமாக வந்து விழுகின்றன. அவற்றில் கை தெரியும். வரைந்தவர் எதைப் பார்த்தார், எதை விட்டார், ஏன் அந்த முகம் என்பது தெரியாது. அதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

புகைப்படத்தைப் பார்த்து வரைவதே தப்பு என்று நினைத்துக்கொள்ளாதே. வியா செல்மின்ஸ் என்ற ஓவியர், கலிஃபோர்னியாவில் வெனிஸ் கடற்கரைப் பாலத்தில் நின்று கடலைத் தானே படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து 1968 வாக்கில் தொடங்கிப் பென்சில் ஓவியங்கள் வரைந்தார். அடிவானம் இல்லை, கரை இல்லை, தாள் முழுக்க அலைகள் மட்டும். உன்னைப் போலவே பென்சில்தான், உன்னைப் போலவே புகைப்படம்தான். ஆனால் எந்த இடத்தில் நிற்பது, சட்டத்துக்குள் எது வர வேண்டும், எது வரக் கூடாது என்பதெல்லாம் அவருடைய தேர்வு. உன் முகங்களிலும் அந்தத் தேர்வு உன்னுடையதாக இருக்கட்டும். இணையப் படங்களை விட்டுவிடு. எடுப்பதென்றால் புகைப்படத்தையும் நீயே எடு.

இதைவிட முக்கியமாக, நேரில் பார்த்து வரை. உன் பாட்டி தூங்கும்போது வரை, பேசும்போதும் வரை. பேசும்போது வரைந்தால் கோடு தப்பும், முகம் கோணும், அதையும் வைத்துக்கொள். கைகள், கால்கள், மடித்துப் போட்ட துணி, அலங்கோலமாகக் கிடக்கும் உன் மேசை என்று எதையும் விடாதே. பென்சிலோடு நிற்காமல் கரி, மை, களிமண், வெட்டி ஒட்டுவது என்று தொட்டுப் பார். நன்றாக வராவிட்டாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் அனுப்பப்போவதில்லையே. அப்புறம், ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு படைப்புகளாவது செய். ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தால்கூடச் சரிதான். மூன்றாவது ஓவியத்துக்குப் பிறகுதான் உனக்கே கேள்விகள் வர ஆரம்பிக்கும்.

குறிப்பேட்டைத் தூக்கிப் போடாதே. கிறுக்கலும் அடித்தலுமாக இருக்கும் பக்கங்களில் நீ யோசித்த வழி தெரியும். அனுமதிக்கிற இடங்களில் ஓரிரு பக்கங்களைச் சேர்த்து அனுப்பு. தேர்ந்தெடுக்கும்போது மனதைக் கல்லாக்கிக்கொள். பன்னிரண்டு நல்ல ஓவியங்களோடு எட்டு சுமாரானவற்றைச் சேர்த்தால், பார்க்கிறவர் மனதில் அந்த எட்டும்தான் நிற்கும். மிக நல்லதை முதலில் வை. பத்து வயதில் பரிசு வாங்கிய ஓவியம் வேண்டாம், வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தாலும் சரி.

ஓவியங்களைப் படமெடுப்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். பென்சில் ஓவியம் வெளிச்சத்தில் பளபளக்கும். நேர் வெயிலும் ஃபிளாஷும் வேண்டாம். ஜன்னலோரத்து மங்கிய பகல் வெளிச்சம் போதும். கண்ணாடிச் சட்டத்திலிருந்து ஓவியத்தை வெளியே எடுத்து, கேமராவை அதற்கு நேர் எதிரே வைத்து எடு.

விளக்கக் குறிப்பு கேட்டால் பெரிய வார்த்தைகள் வேண்டாம். மாயா லின் அந்தப் போட்டிக்கு அனுப்பியவை பேஸ்டல் என்ற வண்ணக் குச்சிகளால் செய்த மிக எளிய ஓவியங்கள். கூடவே, அந்த இடத்தில் நடந்து போகிறவர் என்ன பார்ப்பார் என்று கையால் எழுதிய விளக்கம் இருந்தது. அப்படி எழுது. காசு வாங்கிக்கொண்டு போர்ட்ஃபோலியோவைச் 'சரிசெய்து' தருகிறவர்களிடம் போகாதே. அவர்கள் கை பட்டால் உன் கை காணாமல் போய்விடும்.

பல பல்கலைக்கழகங்கள், விதிவிலக்கான திறமை இருந்தால் மட்டும் கூடுதலாக அனுப்புங்கள் என்கின்றன. அதை மதி. உனக்கு அந்தத் திறமை இருக்கிறதா என்று, உன்னை ஆறு வயதிலிருந்து தெரிந்த யாரிடமும் கேட்காதே, பாசம் பேசிவிடும். முடிந்தால் 'நேஷனல் போர்ட்ஃபோலியோ டே' நிகழ்ச்சிகளில் ஒன்றில் காட்டு. கலைக்கல்லூரிகளின் ஆட்களே இலவசமாகப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். கடைசியில் அனுப்ப வேண்டாம் என்று முடிவானாலும் ஓவியம் வீணாகாது. பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகளுக்கு இடம் உண்டு, 650 சொற்களில் ஒரு கட்டுரையும் உண்டு. வரைகிறவள் என்பதை அங்கே சொல்லலாம்.

முன்கூட்டிய சுற்றுக்கு நவம்பர் 1 வாக்கில் கெடு முடியும், பொதுச் சுற்றுக்கு ஜனவரியில். பிரவுனின் முன்கூட்டிய சுற்றில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், யேலில் அப்படி இல்லை. அதனால் நவம்பருக்கு முன்பே அப்பாவோடு உட்கார்ந்து பணத்தைப் பற்றிப் பேசு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவர்களுக்கும் குடும்ப வசதியைப் பார்க்காமலே சேர்க்கையை முடிவு செய்கின்றன, தேவைக்கு ஏற்ப உதவியும் தருகின்றன. கலைக்கல்லூரிகளில் இந்த அளவு உதவியை எதிர்பார்க்க முடியாது. ஆசிரியர் சொல்லும் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த வித்தியாசம் அவருக்கும் தெரியட்டும்.