ஆஸ்துமா அவரவர் உடம்பைப் பொறுத்தது. இதில் அரசாங்கம் என்ன செய்துவிட முடியும்?

இந்தக் கேள்வியை என் அப்பா வேறு மாதிரி சொல்வார்: “அவன் உடம்பு வாகு அப்படி.” ஏழு வயதில் எனக்கு வீசிங் ஆரம்பித்தது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் பாதி ராத்திரி உட்கார்ந்தபடியேதான் தூக்கம். ரொம்ப முட்டினால் தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி, நெபுலைசர், நாலு நாளைக்கு மாத்திரை. சரியாகிவிடும். அடுத்த மாதம் மறுபடியும் அதே பெஞ்சு. நடுவில் ஒரு ஜூன் மாதம் ஐதராபாத்துக்கு ரயிலேறி மீன் மருந்தும் சாப்பிட்டாயிற்று. விரால் குஞ்சு தொண்டையில் நெளிந்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

பம்ப், அதாவது இன்ஹேலர், மட்டும் கூடாது. ‘பழகிப்போயிடும், ஸ்டீராய்டு வேற.’ வேடிக்கை என்னவென்றால், அந்த நாலு நாள் மாத்திரைதான் ஸ்டீராய்டு. அதன் அளவு மில்லிகிராமில். இன்ஹேலரில் வருவது மைக்ரோகிராமில், அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்கு. மூச்சு முட்டாத நாளிலும் உள்ளே அழற்சி இருந்துகொண்டேதான் இருக்கும், அதற்குத் தினமும் தடுப்பு மருந்து இழுக்க வேண்டும் என்பது எனக்கு 26 வயதில்தான் தெரியவந்தது.

பின்லாந்தில் இதே அறியாமையைத்தான் அரசாங்கம் குறிவைத்தது. 1994 முதல் 2004 வரை பத்தாண்டுத் திட்டம். டாரி ஹாதெலா என்ற டாக்டர் முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. நோயைச் சீக்கிரம் கண்டுபிடி, முதல் நாளிலிருந்தே தடுப்பு இன்ஹேலரைக் கொடு, எப்படி இழுப்பது என்று சொல்லிக்கொடு. இவ்வளவுதான். இதற்காக ஊர் சுகாதார நிலையங்களில் ஒரு டாக்டரையும் ஒரு நர்ஸையும் ஆஸ்துமாவுக்கென்றே பொறுப்பாக்கினார்கள். மருந்துக்கடைக்காரர்களையும் விடவில்லை, அவர்களுக்கும் பயிற்சி.

அந்த ‘எப்படி இழுப்பது’ சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பம்ப் வாங்கி இரண்டு வருஷம் கழித்து ஒரு நர்ஸம்மா, “எங்கே, இழுத்துக் காட்டுங்க” என்றார். காட்டினேன். முதலில் அழுத்திவிட்டு அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். பாதி மருந்து நாக்கிலேயே நின்றுவிட்டது. பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் என்ற குழாயை மாட்டிக் கொடுத்து, மெதுவாக இழு, பத்து எண்ணும் வரை அடக்கு, முடிந்ததும் வாய் கொப்பளி என்று சொல்லிக்கொடுத்தார். ஐந்து நிமிஷ வேலை. அந்த மழைக்காலம் நான் கிளினிக் பக்கமே போகவில்லை.

பின்லாந்தில் 1993க்கும் 2003க்கும் இடையே ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்த நாட்கள் 54 சதவீதம் குறைந்தன. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு 36 சதவீதம் இறங்கியது. நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்ததா என்றால் இல்லை, கூடியது. ஆஸ்துமா வராமல் தடுக்க அவர்களாலும் முடியவில்லை. வந்தவர்களை ராத்திரி நிம்மதியாகத் தூங்க வைத்தார்கள்.

இன்னொரு வகை வேலையும் உண்டு, தனிமனிதனால் முடியவே முடியாதது. 1980களில் பார்சிலோனாவில் சில நாட்களில் மட்டும் திடீரென்று ஆஸ்துமா நோயாளிகள் அவசர சிகிச்சைக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எந்தெந்த நாள் என்று துறைமுகக் கணக்கோடு ஒப்பிட்டபோது, கப்பலிலிருந்து சோயா இறக்கிய நாட்களாக இருந்தன. கிடங்கிலிருந்து பறந்த சோயாத் தூசிதான் காரணம். கிடங்குக்கு வடிகட்டி போட்டார்கள், கூட்டம் நின்றது. நம் ஊரில் போகி அன்று டயர் எரிக்காதே என்பதும் தீபாவளி வெடிக்கு நேரம் வைப்பதும் இந்த வகைதான். கேட்கிறோமா என்பது வேறு கதை.

உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய 13 சதவீதம் பேர் இந்தியர்கள் என்பது மதிப்பீடு. ஆஸ்துமா சாவுகளிலோ நம் பங்கு 40 சதவீதத்துக்கு மேல். நம் நுரையீரல் ஒன்றும் தனி ரகம் இல்லை. தடுப்பு இன்ஹேலர் கைக்கு வராததும், வந்தாலும் “சரியாப் போச்சே” என்று நிறுத்திவிடுவதும் இதில் பெரும்பங்கு என்பது என் எண்ணம். தடுப்பு இன்ஹேலரில் வரும் புடெசொனைடு என்ற மருந்து தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை வருகிறது. அந்தப் பையில் ஒரு பம்ப்பையும் போட்டு, இழுத்துக் காட்டச் சொல்ல ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் போதும் என்பேன்.

போன மாதம் எங்கள் பக்கத்து சுகாதார நிலையத்தில் விசாரித்தேன். நெபுலைசர் இருந்தது, மாத்திரை இருந்தது. தடுப்பு இன்ஹேலர் அன்றைக்கு இல்லை, அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்றார்கள். போக வேண்டும்.